பெட்டிச் சத்தம்

இல்லக்கா, மேல வைக்க வேண்டாம், மடியிலயே இருக்கட்டும். கண்டக்டர் கூடக் கேட்டார், மிக்ஸியா தாயின்னு. ஆமான்னு சொல்லிட்டேன். அவருக்கு என்னன்னு சொல்லிப் புரிய வைக்க? நீங்க கொஞ்சம் சன்னலோரம் தள்ளிக்கோங்க, பாப்பா கால் உங்க சேலையில படுது. தூங்கிட்டாள்னா இவளுக்குக் கால் நீண்டுக்கிட்டே போகும்.

உங்ககிட்ட சொன்னா என்ன. இது விளையாடுற மெஷின். டிவியில மாட்டி விளையாடுறது. எங்க கொழுந்தன் மாரீஸோடது. மதுரையில செல்போன் கடையில வேலை பார்க்கிறான். அவன் கையில கொடுத்துட்டு அப்படியே அடுத்த வண்டியைப் பிடிச்சுச் சாத்தூர் திரும்பிரணும். பாப்பாவோட அப்பாவுக்குத் தெரியாது. காலையில அவர் சைக்கிளை எடுத்துக்கிட்டுப் போனதுக்கு அப்புறம்தான் திடீர்னு தோணுச்சு, வீட்டு வேலையை முடிச்சுட்டுக் கிளம்பிட்டேன். சாயங்காலம் வந்து பார்த்தா டிவிக்குக் கீழ இடம் காலியா இருக்கும். அவர் முகம் எப்படி ஆகும்னு பார்க்கணும்.

வெடிக்காதுக்கா, பயப்படாதீங்க. சாத்தூர்ப் பக்கம்னு சொன்னதும் பையை ஒரு பார்வை பார்த்தீங்களே, அதுக்குச் சொன்னேன். எங்க ஊர்ல வீட்டுக்கு ஒரு ஆளாவது பட்டாசு ஆபீஸ்ல இருப்பாங்க. பட்டாசு செய்யிற இடத்தை நாங்க ஆபீஸ்னுதான் சொல்லுவோம். பெருமையாத்தான் இருக்கும், புருசன் எங்கன்னு கேட்டா ஆபீஸ் போயிருக்கார்னு சொல்றது. நானும் போனவதான். பாப்பா பிறந்ததும் நின்னுட்டேன். இவங்க அப்பாவுக்கு வெடிக் குழாய்க்குள்ள மருந்து செலுத்துற வேலை. சாயங்காலம் வரும்போது உடம்பெல்லாம் அலுமினியப் பொடி அப்பி, வெள்ளிக் கவசம் சாத்தின சாமி மாதிரி வருவார். தேய்ச்சுக் குளிச்சாலும் காது மடல்ல கொஞ்சம் மின்னிக்கிட்டுத்தான் இருக்கும்.

எங்க ஊர்ல ஒரு வழக்கம் உண்டு. அதைச் சொன்னாத்தான் மத்தது புரியும். சத்தம் கேட்டுச்சுன்னா, தீபாவளிச் சத்தத்தைச் சொல்லல, இது வேற, காதுல கேட்கிறதுக்கு முன்னாடி பாதத்துல கேட்கும், அது கேட்டதும் கையில இருக்கிறதைப் போட்டுட்டு ஓடணும். ஆபீஸ் வாசலுக்கு இல்ல. அங்க கூட்டம் போட்டா ஆம்புலன்ஸுக்கு வழி இருக்காது. மெயின் ரோட்டுல எங்க ஊருக்குத் திரும்புற விலக்கு இருக்கு, அங்க ஓடணும். தப்பிச்சு வந்தவங்க எல்லாரும் அங்கதான் வந்து வரிசையா நிப்பாங்க. நேரா வீட்டுக்கு வர மாட்டாங்க. அவங்கவங்க வீட்டு ஆள் வந்து முகத்தைப் பார்க்கிற வரைக்கும் அந்த இடத்தை விட்டு அசையக் கூடாது. ஆளாளுக்கு ஒரு சந்துல புகுந்து வீட்டுக்குப் போனா, இவங்க அங்க தேட, அவங்க இங்க தேட, இருக்கிறவங்க யாரு இல்லாதவங்க யாருன்னே தெரியாமப் போயிரும்ல. முகங்காட்டி நிக்கிறதுன்னு சொல்லுவோம். போய் முகத்தைப் பார்த்ததும் பேசக்கூட மாட்டோம். கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்துருவோம். கடைசியில விலக்குல நிக்கிறவங்க யாரும் இருக்க மாட்டாங்க, தேடி வந்த பொம்பளை மட்டும் நின்னுக்கிட்டிருப்பா. சரி, அதை விடுங்க.

கோயில் பங்குனிப் பொங்கலுக்கு லீவு போட்டுட்டு மாரீஸ் வந்தான். இந்த மெஷினையும், கூடவே ஸ்பீக்கர் வச்ச ஒரு சத்தப் பெட்டியையும் கொண்டு வந்தான். பெட்டின்னா சின்னப் பெட்டி இல்ல, கல்யாண வீட்டுல வைக்கிற தண்டிக்கு இருக்கும். பொங்கல் முடிஞ்சு எல்லாரும் வேலைக்குப் போயிட்டாங்க, இவன் மட்டும் இருந்தான். நான் தெருக்குழாயில தண்ணி பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். பாதத்துல கேட்டுச்சு. குடம் அங்கயே கிடக்கு, பாப்பாவைத் தூக்கி இடுப்புல போட்டுக்கிட்டு ஓடுறேன். தெருவே ஓடுது. எதிர்வீட்டு சீனியம்மா பெரியம்மா, அவங்களுக்கு மூட்டு வலி, சாதாரண நாள்ல ரேஷன் கடைக்கே முனகிக்கிட்டுத்தான் போவாங்க, எனக்கு முன்னாடி ஓடுறாங்க. அவங்க மகன் ரெண்டு பேரும் ஆபீஸ்ல.

விலக்குல போய்ப் பார்த்தா ஒருத்தர் இல்ல. ஒருத்தர் கூட நிக்கல. அந்த நேரம் எனக்கு எப்படி இருந்துச்சுன்னு சொல்லத் தெரியல. யாருமே வெளிய வரலைன்னுதான அர்த்தம். அப்பத்தான் ஆபீஸ் வாட்ச்மேன் டீ வாங்க வந்தவர், தூக்குச் சட்டியை ஆட்டிக்கிட்டே எங்களைப் பார்த்து, என்னம்மா எல்லாரும் ஊர்வலம் கிளம்பிட்டீங்கன்னு கேட்டார்.

திரும்பி வந்தா எங்க வீட்டுக்குள்ள இருந்து மறுபடியும் அதே சத்தம். கதவைத் தள்ளினா, மெஷினைப் பெட்டியில மாட்டி விளையாடிக்கிட்டு, இவன் உட்கார்ந்து சிரிச்சுக்கிட்டிருக்கான்.

அன்னைக்கு அவன் வாங்கின பேச்சை எழுதி வச்சா பஞ்சாயத்து போர்டு சுவர் பத்தாது. கடைசியில சீனியம்மா பெரியம்மா என் கையைப் பிடிச்சு இழுத்து, பாப்பா தலையில வச்சு, இனிமே இந்தப் பெட்டியில இருந்து சத்தம் வராதுன்னு சத்தியம் வாங்கினாங்க. சத்தியம் பண்ணிட்டேன். மாரீஸும் பெட்டியைக் கட்டி மதுரைக்கே எடுத்துட்டுப் போயிட்டான். மெஷினை மட்டும் விட்டுட்டுப் போனான், அவன் ரூம்ல கூட இருக்கிற பயலுக போட்டு உடைச்சிருவாங்கன்னு. கூடவே ஒரு ஹெட்போன். காதை முழுசா மூடுற மாதிரி, பஞ்சு வச்சது. மதினி, இதை மாட்டிக்கிட்டா உங்களுக்கு மட்டும்தான் கேட்கும், ஊருக்குக் கேட்காதுன்னு சொல்லி, போறதுக்கு முன்னாடி எப்படி விளையாடுறதுன்னும் காட்டினான்.

முதல்ல எனக்கு ஒண்ணுமே பிடிபடல. திரையில ஆளைக் காணோம். ரெண்டு கை மட்டும் நீட்டிக்கிட்டு இருக்கு, அதுல ஒரு துப்பாக்கி. துப்பாக்கின்னா போலீஸ்காரர் வச்சிருக்கிறது இல்ல. எங்க வீட்டுத் தண்ணி டிரம் மாதிரி இருக்கு, முனையில மரம் அறுக்கிற வாள் வேற சுத்துது. ஆள் எங்க மாரீஸுன்னு கேட்டேன். நீங்கதான் மதினி ஆள்னு சொன்னான். மத்த விளையாட்டுல ஒரு பொம்மை ஓடும், விழுந்தா பொம்மைதான விழுந்துச்சுன்னு இருப்போம். இதுல நான்ல விழுறேன்.

நடக்க ஒரு குமிழ், பார்க்க ஒரு குமிழ். ரெண்டையும் சேர்த்துத் திருகத் தெரியாம, வானத்தைப் பார்த்துக்கிட்டே போய் ஒரு சுவத்துல முட்டிக்கிட்டு நின்னேன். அதுக்குள்ள பேய்க வந்துருச்சுக. கொம்பு வச்சது, வயிறே வாயா இருக்கிறது, முதுகுல ரம்பம் முளைச்சது. ஒவ்வொண்ணும் வர்றதுக்கு முன்னாடி சிரிக்கும். அதுவும் காதுக்குப் பின்னால சிரிக்கும். நான் நிஜமாவே திரும்பிப் பார்த்தேன். அரிசி டிரம்மும் அம்மியும்தான் இருந்துச்சு. சுட்டா அதுக சாகிறது இல்லக்கா, வெடிக்குதுக. பச்சையும் ஊதாவுமாத் தெறிக்குது. நடுவுல ஒரு கோழி குறுக்க வந்துச்சு, பாவமேன்னு சுடாம விட்டேன், அது என் காலடியில வந்து நின்னு கொக்கரிச்சிட்டு வெடிச்சுது. பீப்பாய் வெடிக்குது, லாரி வெடிக்குது, பாலம் வெடிக்குது, நிலா வெடிக்குது. நிலாவை எவனாவது வெடிக்க வைப்பானா? பின்னாடி இருந்து ஒருத்தன் கபடி மேட்ச்சுக்குப் பேசுற மாதிரி குதூகலமாப் பேசிக்கிட்டே இருக்கான். இத்தனை வெடிச்சும் புகை மட்டும் உடனே காணாமப் போயிருது. அதுதான் எனக்கு விளங்கவே இல்ல. நாங்க பார்த்த வரைக்கும் புகைதான் கடைசியாப் போகும்.

அப்புறம் நானே வெடிச்சேன். திரை செவசெவன்னு ஆயிருச்சு. நெஞ்சுல கையை வச்சுக்கிட்டேன். மாரீஸ் ஒரு பட்டனை அமுக்கினான். அதே இடத்துல, அதே ரெண்டு கையோட திரும்ப நிக்கிறேன். இவ்வளவுதான் மதினின்னு சொன்னான். இவ்வளவுதானாம்.

பயமா இருந்துச்சுன்னா ஏன் விளையாடினன்னு கேட்பீங்க. எங்க அம்மாவும் போன்ல அதைத்தான் கேட்டுச்சு. இந்தப் பயம் பட்டனை அமுக்கினா நின்னுரும்க்கா. எங்களுக்கு இருக்கிறது அப்படி நிக்காது. காலையில இவங்க அப்பா சைக்கிளை எடுத்ததுல இருந்து சாயங்காலம் வரைக்கும் நான் சோறு வடிச்சாலும் துணி துவைச்சாலும் காது மட்டும் தெருவுலயே கிடக்கும். ஹெட்போனை மாட்டினா அந்தக் கொஞ்ச நேரம் காது என்கிட்ட இருக்கும். மதியம் பாப்பாவைத் தூங்க வச்சிட்டு உட்காருவேன். போகப் போகக் கை பழகிருச்சு. அந்த வயித்து வாய்க்காரனை எல்லாம் தூரத்துல வரும்போதே தூக்கிருவேன். சும்மா சொல்லல, மாரீஸ் விளையாடுறதை விட நான் நல்லா விளையாடுவேன்.

அன்னைக்கும் அப்படித்தான். பாப்பா தொட்டில்ல. ஒரு பெரிய கோட்டைக்குள்ள போயிட்டேன். அங்க எல்லாத்துக்கும் மேல ஒருத்தன் இருக்கான், மலை தண்டி, தலையில நெருப்பு எரியுது. அவன் காலை ஊன்றின நேரம் தரை அதிர்ந்துச்சு. எங்க வீட்டுத் தரை. பாதத்துல கேட்டுச்சு. நான் என்ன நினைச்சேன் தெரியுமா? அட, என்னமாச் செஞ்சிருக்கான்னு நினைச்சேன். உட்கார்ந்த இடத்துல காலைத் தூக்கிக் கட்டில் மேல வச்சுக்கிட்டுச் சுட்டுக்கிட்டே இருந்தேன்.

கொஞ்ச நேரம் கழிச்சுப் பின்னாடி இருந்து ஒரு கை என் தலையைப் பிடிச்சு இழுத்துச்சு. நான் போட்ட கூச்சல்ல பாப்பா எந்திரிச்சு அழுகுது. திரும்பினா வீடு நிறையப் பொம்பளைங்க. சீனியம்மா பெரியம்மா ஒரு கையில என் ஹெட்போன், இன்னொரு கையில விளக்குமாறு. தெருவே திரண்டு வந்து நிக்குது. ஆளுக்கு ஒரு பக்கம் கத்துறாங்க. பிள்ளை தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணினியேடி, உனக்கு வெட்கம் இல்லையா, இன்னைக்கும் எங்களை ஓடவிட்டுச் சிரிக்கலாம்னு பார்த்தியா, ஒரு தடவை ஏமாந்தோம், ரெண்டாவது தடவையும் ஓடுறதுக்கு நாங்க என்ன கிறுக்கிகளா, அப்படி இப்படின்னு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. என்ன பேசுறாங்கன்னே புரியல.

"பெரியம்மா, பெட்டி இங்க ஏது? மாரீஸ் மதுரைக்கு எடுத்துட்டுப் போயிட்டான்ல"ன்னு சொன்னேன்.

பெட்டி இருந்த மூலையைக் காட்டினேன். அங்க பாப்பாவோட மூணு சக்கர வண்டி நிக்குது.

எல்லாரும் அந்த வண்டியைப் பார்த்தாங்க. அப்புறம் டிவியைப் பார்த்தாங்க. சத்தமே இல்லாம அந்த நெருப்புத் தலைக்காரன் நடந்து வந்துக்கிட்டிருக்கான். பெரியம்மா கையில இருந்த ஹெட்போன்ல மட்டும் கொசு மாதிரி ஏதோ கேட்குது. அதை விட்டாத் தொட்டில்ல பாப்பா அழுறதுதான். அப்பத்தான் சன்னல் வழியா அந்த வாடை வந்துச்சு. உங்களுக்குச் சொன்னாப் புரியாது. எங்க ஊர்ல பிறந்த பிள்ளைக்குக் கூடத் தெரியும் அந்த மருந்துப் புகை வாடை.

விளக்குமாறு விழுந்த சத்தம் கேட்டுச்சு. வாசல்ல ஒரே நேரத்துல அத்தனை பேரும் நெருக்கி, ஒருத்தி நிலையில தலை முட்டி ரத்தம் வருது, துடைக்கக் கூடச் செய்யாம ஓடுறா. நான் எப்படி ஓடினேன்னு எனக்கு ஞாபகம் இல்ல. பாப்பாவை யார் எடுத்தான்னு தெரியல. அந்தப் பாதை முழுக்க நான் நினைச்சது ஒண்ணுதான், அந்தச் சத்தம் கேட்டு எவ்வளவு நேரம் ஆச்சுன்னு. அது தெரிஞ்சவங்க எங்கள்ல ஒருத்தரும் இல்ல.

தூரத்துலயே தெரிஞ்சுது. நிக்கிறாங்க. விலக்குல வரிசையா நிக்கிறாங்க. வெள்ளியா, கரியா, தலையில கையை வச்சுக்கிட்டு, ஊர்ப் பக்கம் பார்த்துக்கிட்டு நிக்கிறாங்க. எங்களைப் பார்த்ததும் அவங்க முகத்துல வந்துச்சு பாருங்க ஒண்ணு, நான் அதுக்கு முன்னாடி பார்த்ததே இல்ல. எப்பவும் நாங்கதான் பயந்துக்கிட்டு வருவோம், அவங்க தெம்பா நிப்பாங்க. அன்னைக்கு அவங்க எங்களைப் பார்த்துப் பயந்து போய் இருந்தாங்க. யாருமே வரலைன்னதும், தீ தாவி ஊருக்குள்ள போயிருச்சுன்னு நினைச்சுட்டாங்களாம்.

ஒவ்வொருத்தியா முகத்தைப் பார்த்துக் கையைப் பிடிக்கிறா. பெரியம்மா மகன் ரெண்டு பேரும் நிக்கிறாங்க. இடுப்புல எங்க பாப்பா, இன்னொரு கையால மூத்தவனைப் பிடிச்சுக்கிட்டு அழுறாங்க. அவங்க பாப்பாவைத் தூக்கிட்டு வந்திருக்காங்கன்னு அப்பத்தான் பார்த்தேன். நான் இந்தக் கடைசியில இருந்து அந்தக் கடைசி வரைக்கும் போறேன். திரும்ப வர்றேன். இவங்க அப்பா இல்ல.

மறுபடியும் பார்த்தேன். எல்லாரும் ஒரே வெள்ளி நிறமா, நான்தான் கண்ணு மங்கிச் சரியாப் பார்க்கலையோன்னு ஒவ்வொருத்தர் கிட்டயும் போய், முகத்துக்குக் கிட்டக்க போய்ப் பார்த்தேன். அவங்கவங்க ஆளைப் பார்க்கிற அவசரத்துல ஒருத்தரும் என்னைக் கவனிக்கல. ரோட்டுலயே உட்கார்ந்துட்டேன். அப்பத்தான் பெரியம்மா சின்ன மகன் குனிஞ்சு சொன்னான். காது அடைச்சுப் போயி, அவனுக்கு எவ்வளவு சத்தமாப் பேசுறோம்னே தெரியல, ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னான். "அண்ணன் இவ்வளவு நேரம் இங்கதான் நின்னாரு. நீங்க யாரும் வரலைன்னதும் ஓடை வழியா வீட்டுக்கு ஓடிட்டாரு."

விலக்கை விட்டு அசையக் கூடாதுல்ல. எங்க ஊர்ல யாரும் அசைஞ்சது இல்ல. இவர் அசைஞ்சுட்டார்.

நான் திரும்ப ஓடினேன். வீட்டுல கதவு ஆன்னு திறந்து கிடக்கு. உள்ள நடு வீட்டுல நிக்கிறார். தலை முடியில இருந்து செருப்பு வரைக்கும் வெள்ளி. காலி தொட்டிலை ஒரு கையால பிடிச்சுக்கிட்டு டிவியைப் பார்த்துக்கிட்டு நிக்கிறார். அதுல என் ரெண்டு கையும் கீழ கிடக்கு, அந்த மலை தண்டிக்காரன் மேல நின்னு ஆடிக்கிட்டிருக்கான். காலடியில ஹெட்போன். நான் வந்தது அவருக்குத் தெரியல. தொட்டுத் திருப்பினேன்.

பாப்பா எங்கன்னு கேட்டார். பெரியம்மாகிட்ட இருக்காள்னு சொன்னேன். என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் ஒண்ணு சொன்னார். "சத்தம் கேட்டப்போ எனக்குப் பயமில்ல. யாரும் வராததுதான் பயமா இருந்துச்சு."

அவ்வளவுதான். திட்டல, அடிக்கல. ஏன் வரலைன்னு கேட்கவே இல்ல. தண்ணி கேட்டார், செம்பு நிறையக் குடிச்சார். ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலக்கா, அதையும் சொல்லிரணும். சாப்பாட்டு நேரம், எல்லாரும் மரத்தடியில இருந்திருக்காங்க. மருந்து காயப்போட்ட மேடை வெயில்ல தீப்பிடிச்சிருக்கு. ஒரு ரூம் போச்சு, அவ்வளவுதான். ஆனா தெருவுல இன்னமும் என்னைத்தான் சொல்றாங்க. நியாயமா நீங்களே சொல்லுங்க. சத்தம் வச்சவன் மாரீஸு. ஓடாம என் வீட்டுக்கு வந்து நின்னவங்க அவங்க. நான் சத்தியத்தை மீறினேனா? ஊருக்குத் தொந்தரவு இல்லாம காதுல மாட்டிக்கிட்டுத்தான விளையாடினேன்?

அன்னையில இருந்து இவர் ஒரு புதுப் பழக்கம் வச்சிருக்கார். மதியச் சாப்பாட்டு மணி அடிச்சதும் தூக்குச் சட்டியைத் திறக்காம, சைக்கிளை எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வந்துருவார். அந்த வெயில்ல. உள்ள வர மாட்டார், பொடி ஒட்டும்னு. வாசல்ல நின்னு என்னைக் கூப்பிடுவார். நான் வந்து நின்னா, பார்த்துட்டியான்னு கேட்பார். பார்த்துட்டேன்னு சொன்னதும் சைக்கிளைத் திருப்பிருவார். போற வழியில ஏறி மிதிச்சுக்கிட்டேதான் சாப்பிடுவாரோ என்னமோ. தெருவுல கேலி பண்றாங்க, உம் புருசன் தினமும் பொண்ணு பார்க்க வர்றார்னு. எனக்கும் வெட்கமா இருக்கும். வெயில்ல எதுக்கு வர்றீங்க, நான் நல்லாத்தான இருக்கேன்னு சொல்லிப் பார்த்தேன். கேட்கிற ஆளா. நேத்து நான் மாடியில வத்தல் காயப்போட்டுக்கிட்டு இருந்தேன். கூப்பிட்டது காதுல விழல. இறங்கி வந்து பார்த்தா வாசல்ல அப்படியே நிக்கிறார், சைக்கிள் கீழ விழுந்து கிடக்கு. சட்டையெல்லாம் வேர்வை. பைத்தியமா உங்களுக்குன்னு நானே திட்டிட்டேன். இன்னைக்குக் காலையிலதான் தோணுச்சு, இந்த மெஷின் வீட்டுல இருக்கிற வரைக்கும் இவருக்கு இந்தப் பயம் போகாது, கொண்டு போய்க் கொடுத்துருவோம்னு.

வேண்டாம்க்கா, நீங்க சாப்பிடுங்க. இல்ல, நிஜமாவே வேண்டாம். எலுமிச்சை சாதமா, வாசனை நல்லா இருக்கு. பாப்பா எந்திரிச்சா ஒரு வாய் கொடுங்க, அவளுக்குப் பிடிக்கும். அதுக்குள்ள சாப்பாட்டு நேரம் ஆயிருச்சா? நான் பேசிக்கிட்டே வந்ததுல.

மணி என்னக்கா?

இருங்க. ஒரு நிமிஷம் இருங்க.

வீடு பூட்டியிருக்கு. அவர்கிட்ட சொல்லல. யார்கிட்டயும் சொல்லல. அவர்கிட்ட போன் இல்லக்கா, ஆபீஸுக்குள்ள போன் கொண்டு போக விட மாட்டாங்க, அவர் போன் இந்தா என் பையிலதான் கிடக்கு. பெரியம்மாவுக்குப் போட்டுப் பார்க்கிறேன். அடிக்குது. எடுக்க மாட்டேங்கிறாங்க. நூறு நாள் வேலைக்குப் போயிருப்பாங்க, போனை வீட்டுல போட்டுட்டு. எடுங்க பெரியம்மா.

எடுக்கல.

இப்ப வந்துக்கிட்டிருப்பார். வந்து கூப்பிடுவார். கொஞ்சம் எந்திரிங்கக்கா, நான் இறங்கணும். தெரியும்க்கா, நான் போய்ச் சேர முடியாது, தெரியும். அண்ணே, கண்டக்டர் அண்ணே, வண்டியை நிப்பாட்டச் சொல்லுங்க. ஸ்டாப் இல்லாட்டிப் பரவாயில்ல, இங்கயே இறங்கிக்கிறேன். எதிர்ப் பக்கம் சாத்தூர் வண்டி வரும்ல? பாப்பா, எந்திரிம்மா. எந்திரி கண்ணு. அப்பா வாசல்ல நிக்கிறார்.